அடுகோடி போஸ்

மேனேஜர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னபோது, தனக்குப் பின்னால் வேறு யாரோ வந்திருப்பதாக நினைத்துப் போஸ் திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. தலைமைக் குமாஸ்தா சீனிவாசராகவன் மட்டும் ஒரு ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றிருந்தார். போஸுக்கு இருபது வயது. இதற்கு முன் பதினோரு ஆபீஸ் படி ஏறியிருக்கிறான். எண்ணிக்கையில் சந்தேகம் கிடையாது, தேதியோடு டைரியில் எழுதி வைத்திருக்கிறான். பதினோரு இடத்திலும் நின்றுகொண்டுதான் பதில் சொன்னான். இரண்டு இடத்தில் அதுவும் இல்லை, வாசலில் இருந்த பியூனே கேள்வி கேட்டுப் பியூனே பதிலும் சொல்லி அனுப்பிவிட்டான். இது பன்னிரண்டாவது. பெங்களூர் சவுத் பரேடில், மாடியில், மில்களுக்கு மெஷின் பெல்ட் விற்கிற கம்பெனி. அவன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

"போஸ்," என்று மேனேஜர் விண்ணப்பத்தில் இருந்த பெயரை நிதானமாக வாசித்தார். பம்பாய்க்காரர், இங்கிலீஷில்தான் பேசினார். "எப்பேர்ப்பட்ட பெயர்! செடிகொடிக்கும் உணர்ச்சி உண்டு என்று கருவி வைத்துக் காட்டியவர் ஒரு போஸ். ஐன்ஸ்டைன் பெயரோடு சேர்த்துச் சொல்கிறார்களே, அவர் ஒரு போஸ். பதினெட்டு வயதில் தூக்கு மேடை ஏறிய பையன் ஒரு போஸ். நேதாஜியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நீ இவர்களில் யாருக்காவது உறவா?"

இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். ஆனால் போஸ் இங்கிலீஷில் எதையும் மனதுக்குள் ஒருமுறை எழுதிப் பார்த்து, பிழை தேடி, அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பான். டைப்பும் இங்கிலீஷும் கற்றுக்கொள்கிற மாலை வகுப்பில் வந்த பழக்கம். அவன் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்துக்குள் சுவரோரத்திலிருந்து சீனிவாசராகவன் பேசிவிட்டார். கல்கத்தாக் குடும்பம் சார், பாட்டனார் ரயில்வேயில் இங்கே வந்தவர், மூன்று தலைமுறையாக இந்த ஊர்தான், பையன் கூச்சப்படுகிறான். மேனேஜர் சிரித்தார். நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் தாங்களாக வாய் திறந்து சொல்லிக்கொள்ள மாட்டார்கள் என்றார். ஒரு பக்கம் டைப் அடிக்கச் சொன்னார். ஒரே ஒரு பிழை. திங்கட்கிழமை வந்து ஹெட் ஆபீஸுக்கான படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலையில் சேர்ந்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்.

வராந்தாவுக்கு வந்ததும் போஸ் தயங்கித் தயங்கிச் சொன்னான். "சார், நாங்க கல்கத்தா இல்ல. அடுகோடி."

"மூஞ்சியப் பாத்தாலே தெரியறதே. நீ சொல்லணுமாக்கும்?" சீனிவாசராகவன் பொடி டப்பாவைத் தட்டினார். "இங்க பாருப்பா. மூணு மாசத்துல நாலு பசங்கள உள்ள அனுப்பிச்சேன். எல்லாரும் உன்னாட்டம் கெட்டிக்காரப் பசங்கதான். எந்த ஏரியா, அப்பா என்ன பண்றார்னு மேனேஜர் கேப்பான். பதில் வந்ததும் 'பாக்கலாம்'னுடுவான். உன்ன அதக் கேட்டானோ? கேக்கல. பேரே போறும்னு இருந்துட்டான். நான் உன்னப் பொய் சொல்லச் சொல்லல. சும்மா இருன்னுதான் சொல்றேன். நன்னா அடிக்கறே. மெஷின் தூசி படிஞ்சு கெடக்கு, எனக்கு ஆள் வேணும்."

கெட்ட மனிதராக இருந்திருந்தால் போஸுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் படி வரை கூடவே வந்து, மழை வரும்போல இருக்கிறது, சீக்கிரம் போ என்று சொல்லி அனுப்பினார்.

அவன் பெயர் வெறும் போஸ்தான். குடும்பப் பெயர் என்ற ஒன்று அவன் வீட்டில் யாருக்கும் கிடையாது. அப்பா பெருமாள்சாமி, அதனால் பி. போஸ். இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசி வருஷங்களில் பிறந்த பையன்களுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள், காந்தி என்றும் நேரு என்றும் வைத்ததைப் போல. கூலிக்காரர்கள் நிறைந்த அடுகோடியில் மட்டும் நான்கு போஸ்கள் இருந்தார்கள். சைக்கிள் கடை போஸ், ஆனேக்கல் பஸ்ஸில் கண்டக்டராகப் போகிற போஸ், தெருவில் எல்லோரிடமும் கைமாற்று வாங்கி எல்லோராலும் தேடப்படுகிற நெட்டை போஸ், பிறகு இவன். கல்கத்தா போஸ்களைப் பற்றியும் அவனுக்குத் தெரியாமல் இல்லை. ஒரே குடும்பப் பெயர் கொண்ட பிரபலங்கள் ஐந்து பேரை எழுது என்று மாலை வகுப்பில் ஹெர்பர்ட் மாஸ்டர் ஒருமுறை பொது அறிவுப் பயிற்சி கொடுத்தார். மற்றவர்கள் மூன்றில் முட்டிக்கொண்டு நின்றபோது இவன் நூலகத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து ஆறு போஸ்களை எழுதிக்கொண்டு போனான். முழு மதிப்பெண். உன் குடும்பப் பெயர் அதிர்ஷ்டமுள்ள பெயர் என்றார் மாஸ்டர். அது என் குடும்பப் பெயர் இல்லை, என் முழுப்பெயரே அதுதான் என்று சொல்ல நினைத்தான். சொல்லவில்லை. அன்றைக்கும் சும்மாதான் இருந்தான்.

வேலை கிடைத்த அன்று மாலை பிரேசர் டவுனில், சர்ச் சுவரை ஒட்டி வகுப்பு நடக்கிற ஹாலில், பக்கத்து மெஷினில் உட்கார்கிற டெஸ்மண்டிடம் விஷயத்தைச் சொன்னான். டெஸ்மண்ட் ஹால் முழுக்கக் கேட்கும்படி சிரித்தான்.

"கல்கத்தா பாபு! திங்கக்கெழமையிலேர்ந்து ரசகுல்லாதானா மேன்?"

"வெளையாடாத டெஸ்மண்ட். பொய் சொல்லி வேலைக்குப் போறதா?"

"யாரு சொன்னது பொய்? அந்தக் கெழவன் சொன்னான். நீ சும்மா ஒக்காந்திருந்த. எங்க மௌரீன் அத்த ஞானஸ்நானத்துல மரியம்மா மேன். ஆபீஸ்ல மௌரீன். மரியம்மான்னு கூப்ட்டா இப்ப திரும்பிக்கூடப் பாக்காது. அதுக்காக அதுக்குச் சோறு எறங்கலியா?"

போஸ் டைரியில் எழுதினான். ஒன்று, அவர் கேட்டது என்ன. இரண்டு, நான் சொன்னது: ஒன்றுமில்லை. மூன்று, ஒன்றும் சொல்லாமல் இருப்பது பொய்யா? 'ஆம்' என்று எழுதி அடித்தான். 'இல்லை' என்று எழுதி அதையும் அடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் அம்மா எல்லம்மா வாசலில் உட்கார்ந்து மத்தி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். மரக்கடையில் பாரம் ஏற்றி இறக்குகிற அப்பா சட்டையில்லாமல் உட்கார்ந்து, வலது தோளில் காய்த்துப்போன இடத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். போஸ் இருவருக்கும் பொதுவாகச் சொன்னான். வேலை கிடைத்திருக்கிறது, கல்கத்தாக் குடும்பம் என்று நினைத்துக் கொடுத்திருக்கிறார்கள். படிவத்தில் அப்பா பெயருக்கு ஓர் இடம் இருக்கும். அங்கே ஏதோ ஒரு போஸ் என்று போட்டுவிடுவார்கள். பெருமாள்சாமி என்று ஓர் ஆளே இல்லை என்பதுபோல ஆகிவிடும்.

"ஆயிட்டா என்னடா?" என்றார் அப்பா. "எம் பேரு ரேஷன் கார்டுல கீது. அதப் பாத்து அரிசி குடுக்கறான்ல? போதும். நீ கையெழுத்தப் போட்டுட்டு ஜல்தியா சேந்துடு."

"போடட்டும், போடட்டும்," என்றாள் எல்லம்மா மீனிலிருந்து கண்ணை எடுக்காமல். "பொறந்த அன்னிக்கே அப்பன் வேலய முழுங்குச்சு. இப்பவாச்சும் ஒரு வேலயக் கக்கட்டும்."

இது போஸுக்குப் புதிதல்ல. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து கேட்டு வருகிறான். அவன் பிறந்த வாரத்திலேயே அப்பாவுக்கு வெள்ளைக்காரப் பட்டாள மெஸ்ஸில் இருந்த, சாப்பாடு பரிமாறுகிற பேரர் வேலை போயிற்று. வெள்ளை உடுப்பு, இரண்டு வேளை சாப்பாடு, எல்லாம் போயிற்று. அவன் பிறந்த நேரம் அப்படி. அடுப்பு எரியாவிட்டாலும் கூரை ஒழுகினாலும் அம்மா அந்த நேரத்தைத்தான் சொல்வாள். தான் தொட்டது துலங்காது என்ற எண்ணம் அவனுக்குள் எப்படியோ ஊறிவிட்டது. அதனால்தான் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பான். கூட்டலை மேலிருந்து ஒருமுறை, கீழிருந்து ஒருமுறை போடுவான்.

"புள்ள முழுங்கல எல்லம்மா," என்றார் அப்பா. "நாந்தான் தொலைச்சேன்."

எல்லம்மாவின் கை நின்றது. "என்னாத்த தொலைச்சே?"

அப்பா எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். "மெஸ்ல ஆம்பளப் புள்ள பொறந்தா கம்பளி குடுப்பாங்க. புஸ்தகத்துல புள்ள பேர எழுதிக்கிட்டுக் குடுப்பாங்க. சார்ஜண்டு பேரு கேட்டான். போஸுன்னேன். தொரைங்கள்லாம் சாப்புடறப்ப அந்தப் பேரத்தான் திட்டுவானுங்க. சூப்பு வச்சா திட்டு, கறி வச்சா திட்டு. அந்த ஆளு யாருன்னு எனக்கு முழுசாத் தெரியாது. இத்தினி பேரு ஒக்காந்து ஒருத்தனத் திட்டறானுங்கன்னா அவன் பெரிய ஆளாத்தான் இருக்கணும்னு வச்சிட்டேன். சார்ஜண்டு செவந்து போயிட்டான். ஜார்ஜுன்னு எழுதிக்கறேன், கம்பளிய எடுத்துக்கிட்டுப் போன்னான். நான் மாட்டேன்னேன், உடுப்பக் கழட்டி வச்சுட்டுப் போகச் சொல்லிட்டான்."

"ஜார்ஜுன்னு வச்சிருக்கலாமே, பாவி மனுசா!" என்றாள் எல்லம்மா. "இருவது வருசமா இந்தப் புள்ளயத் திட்டினு இருந்தேனே, ஒரு வார்த்த சொன்னியா?"

"சொன்னா நீ என்னத் திட்டுவ."

அவள் மீன் கையோடு எதையோ எடுத்து எறியப் பார்த்தாள். எறிவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

"ஏன்பா மாத்தல?" என்று போஸ் கேட்டான்.

"காதுல மூணு தரம் கூப்ட்டாச்சு," என்றார் அப்பா, அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை என்பதுபோல. "கூப்ட்டப்ப நீ என்னத் திரும்பிப் பாத்த. அப்புறம் எப்பிடி மாத்தறது? சரி, அது அன்னிக்கு. எனக்குத் தோளு இருந்துச்சு, மூட்ட தூக்கிப் பொழச்சேன். ஒனக்கு எங்க கீது தோளு? பேசாம கையெழுத்தப் போடு."

போஸ் டைரியைத் திறந்தான். ஒன்று என்று எண் போட்டான். கோபம் மட்டும் வந்தது. அம்மா மேல் இல்லை, அப்பா மேல்கூட அவ்வளவாக இல்லை. இருபது வருஷமாக ஒரு கூட்டலை மேலிருந்தும் கீழிருந்தும் போட்டுப் பார்த்திருக்கிறான், முதல் வரியிலேயே வேறு யாருடைய கணக்கோ எழுதியிருந்திருக்கிறது.

திங்கட்கிழமை சீனிவாசராகவன் படிவத்தைத் தயாராக டைப் அடித்து வைத்திருந்தார். பெயர்: போஸ். தகப்பனார் பெயர்: எஸ். பி. போஸ். தொழில்: ரயில்வே, ஓய்வு. பூர்வீகம்: கல்கத்தா. எல்லாம் இங்கிலீஷில், கோணல் இல்லாமல், அழகாக இருந்தது.

"கீழ கையெழுத்துப் போடு. பேனா இருக்கோன்னோ?"

"இருக்கு சார். ஸ்கேல் வேணும்."

கையெழுத்துப் போடக் கோடு கிழிக்கப் போகிறான் என்று நினைத்து அவர் ஸ்கேலை எடுத்துக் கொடுத்தார். போஸ் அதைத் தகப்பனார் பெயருக்கு மேல் வைத்து ஒரே கோடாக அடித்தான். தொழிலை அடித்தான். பூர்வீகத்தை அடித்தான்.

"டேய், டேய்! என்னடா பண்றே!"

"தப்பு இருந்தா ஒரே கோடா அடிச்சு, பக்கத்துல சரியானத எழுதி, சின்னக் கையெழுத்துப் போடணும்னு கிளாஸ்ல சொல்லிக் குடுத்திருக்காங்க சார்."

"அது டைப்பிங் தப்புக்குடா!"

"இதுவும் நீங்க டைப் அடிச்சதுதானே சார்."

பக்கத்து மேஜையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். சீனிவாசராகவனின் முகம் சிறுத்துப் போயிற்று. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வேலை போயிடும்டா, மண்டு. நோக்கு நல்லது பண்ணப் போய் நானே பொய்யனா நிக்கணுமா?"

"நீங்க சொன்னதப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் சார். நான் அன்னிக்குச் சும்மா இருந்தேன் பாருங்க, அதத்தான் சொல்லப் போறேன்." பேனாவைத் திறந்தான். "வேல போனாப் போகட்டும். எங்க வீட்டுக்கு அது புதுசில்ல."

பெருமாள்சாமி என்று இங்கிலீஷில், ஓர் எழுத்துகூட விடாமல் எழுதினான். தொழில்: மரக்கடையில் பாரம் தூக்குபவர். பூர்வீகம்: அடுகோடி, பெங்களூர். மூன்று இடத்திலும் சின்னக் கையெழுத்துப் போட்டான். சீனிவாசராகவன் காகிதத்தைப் பிடுங்கக் கையை நீட்டினார். அதற்குள் அவன் அதை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டான். மை காயாததால் இரண்டு கையிலும் தட்டையாகப் பிடித்துக்கொண்டு, மேஜைகளுக்கு நடுவே, ஒருவர் முகத்தையும் பார்க்காமல் போனான். மேனேஜர் அறையின் அரைக் கதவைத் தோளால் தள்ளித் திறந்தான்.

மேனேஜர் சிரித்துக்கொண்டே படிவத்தை வாங்கினார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படிக்கிறவர் அவர். முதல் வரியில் தலையாட்டினார். இரண்டாவது வரியில் விரல் நின்றது. பெயரைச் சத்தமாகப் படிக்கப் பார்த்து, பாதியில் தடுக்கி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

"யார் இது?"

"என் தகப்பனார், சார். யுத்தகாலத்தில் வெள்ளைக்காரர் மெஸ்ஸில் பேரராக இருந்தார். எனக்கு இந்தப் பெயரை வைத்ததற்காக அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். கல்கத்தாவில் எங்களுக்கு யாரும் இல்லை. அன்றைக்கே நான் சொல்லியிருக்க வேண்டும்."

மேனேஜர் அவனைப் பார்த்தார். பிறகு படிவத்தைப் பார்த்தார். அவர் விரலை எடுத்தபோது அதன் நுனியில் ஈர மை ஒட்டிக்கொண்டு வந்திருந்தது, நல்ல நீலம். கட்டைவிரலால் தேய்த்தார், அது இரண்டு விரலுக்கும் பரவியது. மேஜை மேல் ஒற்றுத்தாளைத் தேடினார், இழுப்பறையைத் திறந்து பார்த்தார். போஸின் சட்டைப் பையில் அம்மா காலையில் மடித்துக் கொடுத்த கைக்குட்டை இருந்தது. அவன் அதை எடுத்து நீட்டவில்லை, அவர் என்ன சொல்லப் போகிறார் என்று நேராகப் பார்த்துக்கொண்டு நின்றான்.