சாரட்டில் பக்கத்து இடம்

தங்கைக்குச் சாரட்டு கிடைத்துவிட்டது. ஃபோன் விளையாட்டில்தான். விடுமுறைக் காலத்தில் மட்டும் அதிர்ஷ்டப் பெட்டியில் விழும் சாமான். சிவப்பு மெத்தை, சக்கரமெல்லாம் குட்டி விளக்கு, இரண்டு வெள்ளைக் குதிரை, அவற்றின் கழுத்தில் மணி. அந்த விளையாட்டை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான். வருடா வருடம் பெட்டி பெட்டியாக உடைத்து எனக்கு வந்ததெல்லாம் தொப்பியும் காலுறையும். வயிறு எரிந்தது. எரியாமல் இருக்க நான் என்ன முற்றும் துறந்தவளா? "சூப்பர்டி" என்று மட்டும் அனுப்பினேன்.

அவள் கல்யாணமாகி வேறு ஊர் போன பிறகு நாங்கள் தினமும் சந்தித்துக்கொள்வது அந்த விளையாட்டின் சதுக்கத்தில்தான். அதனால் மத்தியானம் அவள் வைத்திருந்த ஸ்டேட்டஸைப் பார்த்ததும் எரிச்சல் பாதி அடங்கிவிட்டது.

"வண்டியில பக்கத்துல ஒரே ஒரு சீட்டு. அது எங்க அக்காவுக்குத்தான்."

நான் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். லென்ஸ் தேய்க்கும் மெஷினை நிறுத்திவிட்டு, விளையாட்டில் என் பொம்மைக்கு இருப்பதிலேயே நல்ல அங்கியை மாட்டினேன். முதலாளி முறைத்தார். முறைக்கட்டும் என்று சதுக்கத்துக்கு ஓடினேன்.

சாரட்டு நின்றது. பக்கத்து இடத்தில் ஏற்கெனவே ஒருத்தி. தலைக்கு மேல் பெயர்: மூத்த மருமகள். தங்கையின் ஓரகத்தி. போன மாதம்தான் விளையாடவே கற்றுக்கொண்டவள்.

தங்கைக்கு ஃபோன் போட்டேன்.

"அக்காவுக்குன்னு போட்டிருந்தியே?"

"ஐயோ, அது நீ இல்லக்கா. எங்க வீட்டு அக்கா."

எங்க வீட்டு. அவள் அப்படிச் சொன்னால் நாங்கள் பிறந்த வீடு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். சாரட்டைக்கூட விட்டுவிடலாம். என் தங்கையையே ஒருத்தி கூட்டிக்கொண்டு போகிறாளே!

"இன்னொரு நாள் நீயும் ஏறிக்கோயேன்" என்றாள், விருந்தாளியிடம் சொல்வதுபோல்.

"பரவால்ல. நீங்க போயிட்டு வாங்க" என்று வைத்துவிட்டேன்.

குதிரைகளின் மணி குலுங்கியது. நான் நின்றது சதுக்கத்தின் ஒரே வாசலில். அந்த விளையாட்டில் குறுக்கே ஆள் நின்றால் வண்டி நகராது.

"அக்கா, கொஞ்சம் தள்ளேன்" என்று திரையில் வந்தது.

எந்த அக்காவைச் சொல்கிறாளோ, எனக்கெப்படித் தெரியும்? ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு லென்ஸ் தேய்க்கப் போனேன்.