அமைச்சருக்குக் கைதட்டல் கிடைத்த விதம்

எங்கள் படைமுகாமின் பாய்லர் செத்து இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. அயர்லாந்துக் குளிரில் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு நாட்டைக் காப்பது சிரமம். ஆகவே படைவீரர் சங்கத்தின் ஆண்டு மாநாட்டில் செயலாளர் சார்ஜென்ட் டெர்வ்லா ஸ்கான்லன், புது பாய்லர் கேட்டுத் தீர்மானம் கொண்டுவந்தார்.

பாதுகாப்பு அமைச்சக அதிகாரி ஃபின்டன் க்ரெக் காலையிலேயே அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார். சட்டப்படி நாங்கள் சம்பளம், பணிநிலைமை பற்றிப் பேசலாம். அரசின் கொள்கை பற்றி வாய் திறக்கக் கூடாது.

"பாய்லர் எப்படி சார் கொள்கை ஆகும்?" என்று கேட்டார் டெர்வ்லா.

"பாய்லர்னா பணம். பணம்னா பட்ஜெட். பட்ஜெட்னா கொள்கை," என்றார் ஃபின்டன், பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி. "கொள்கையைப் பத்திக் கருத்தே கூடாதும்மா. திட்டவும் கூடாது, பாராட்டவும் கூடாது."

"பாராட்டவும் கூடாது. சரிங்க சார்," என்றார் டெர்வ்லா. பிறகு மேசை மேசையாகப் போய் எங்கள் காதில் ஏதோ சொல்லிவிட்டு வந்தார்.

பிற்பகல் அமைச்சர் மலாக்கி டூஹி வந்தார், தொலைக்காட்சிக் கேமரா பின்தொடர. தேர்தல் நெருங்கியிருந்தது. புதிய பாதுகாப்புக் கொள்கையை முழங்கிவிட்டு, கைதட்டலுக்காக நிறுத்தினார். அரங்கமே கல்லாக இருந்தது. இன்னும் உரக்க முழங்கி மறுபடி நிறுத்தினார். ஒருவர் இருமினார், உடனே மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

அமைச்சர் மைக்கைப் பொத்திக்கொண்டு, மேடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டெர்வ்லாவிடம் குனிந்தார். "என்னம்மா, இவங்களுக்கு உசிர் இருக்கா இல்லையா?"

"இருக்கு மினிஸ்டர். நீங்க பேசறது கொள்கை. கைதட்டினா பாராட்டின மாதிரி ஆயிடும். ஃபின்டன் சார் கூடாதுன்னுட்டார்."

"வேற எதுக்குத்தான் தட்டுவீங்க?"

"பணிநிலைமைக்குத் தட்டலாம். பாய்லர் மாதிரி. ஆனா அதுவும் கொள்கையாமே."

"எந்த மடையன் சொன்னான்?"

மறுபக்கம் இருந்த ஃபின்டன் தொண்டையைச் செருமினார். "யோசிச்சுப் பார்த்தா, பணிநிலைமைன்னும் சொல்லலாம் மினிஸ்டர்."

அமைச்சர் நிமிர்ந்தார். "அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள உங்க முகாமுக்குப் புது பாய்லர்."

எழுந்து நின்று தட்டினோம். தொப்பிகள் பறந்தன. அமைச்சர் நெஞ்சில் கைவைத்துக் கேமரா பக்கம் திரும்பிக்கொண்டார். மாலைச் செய்தியில் அந்தக் கைதட்டல் பாதுகாப்புக் கொள்கைக்குக் கிடைத்ததாகக் காட்டினார்கள். சங்கம் மறுக்கவில்லை, சட்டம் இடம் தராது.

வெள்ளிக்கிழமை பாய்லர் வந்தது. முதல் குளியல் டெர்வ்லாவுக்கு என்று ஒருமனதாக முடிவாயிற்று. துண்டும் சோப்புமாக வெளியே காத்திருந்த எங்களுக்கு உள்ளேயிருந்து ஆவியும் பாட்டும் வந்தன. சுருதி சேரவேயில்லை. ஆனாலும் இன்னொரு பாட்டுப் பாடச் சொன்னோம்.