நடுவில் நிறுத்தக் கூடாத வேலை

கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்ட ஒரு துண்டுத் துணி வேண்டும் என்று தையலம்மாள் கேட்டதும், இளவரசி தன் துப்பட்டாவின் ஓரத்தையே கிழிக்கப் போனாள்.

"அய்ய, உன்னுத இன்னாத்துக்குடி கிழிக்கிற? அண்ணன் வேட்டி பழசு எதுனா கெடக்கும், எடுத்தா."

செத்துப்போன குழந்தைவேல் இளவரசியின் மாமனார்; தையலம்மாள் அவருடைய தங்கை. சேதி கேட்டு அடுத்த தெருவிலிருந்து தலையைக்கூட முடியாமல் ஓடி வந்திருந்தாள். ஆம்புலன்சில் வந்தவர்கள் நாடி பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு அப்போதுதான் திரும்பிப் போயிருந்தார்கள். இளவரசியின் கணவன் அரிகரன் டிராக்டருக்கு ஏதோ சாமான் வாங்க வில்லியனூர் போனவன், இன்னும் வந்து சேரவில்லை.

வேட்டி எடுக்க இளவரசி தன் வேலை அறையைத் தாண்டித்தான் போகவேண்டியிருந்தது. கம்ப்யூட்டர் திரை அணையாமல் இருந்தது. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துகள். எல்லாம் நல்லபடியாக ஓடுகிறது என்றன அவை. கதவைச் சாத்தினாள்.

பாகூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டால் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட வேண்டியதுதான் என்று கல்யாணத்துக்கு முன்பு அவளே முடிவு கட்டியிருந்தாள். குழந்தைவேல்தான் விடவில்லை. உர மூட்டை அடுக்கியிருந்த அறையைக் காலி செய்து, வெள்ளையடித்து, இன்டர்நெட் இழுக்க வந்த ஆளுக்கு ஏணி பிடித்து நின்றார். அவளுடைய கம்பெனி சென்னையில். அவள் கவனித்துக்கொள்ளும் சர்வர் கம்ப்யூட்டர்கள் மும்பையில். அதெல்லாம் அவருக்குப் பெரிய அதிசயம். கரும்பு வெட்ட வருகிற ஆட்களிடம்கூட, "எங்க மருமவ சர்வர் பாக்குது" என்பார், டாக்டருக்குப் படித்த மருமகளைச் சொல்வதுபோல.

அதிசயம் தாங்காமல் அடிக்கடி அறைக்குள் வந்துவிடுவார். அன்று காலையும் காப்பித் தம்ளரோடு வந்து நின்றார்.

"இன்னிக்கி இன்னா வேலம்மா?"

"பெரிய வேல மாமா. சர்வர்ங்கிறது பெரிய வூடுன்னு வெச்சிக்குங்க. அத தடுத்துத் தடுத்துக் குடி வெச்சிருக்காங்க. ஒரு தடுப்புக்குப் பேரு கன்டெய்னர். அதுல ஒண்ணுல ஓஎஸ் ரொம்பப் பழசாப் பூடுச்சி. மாத்தணும்."

"ஓஎஸ்னா?"

"தரை, செவுரு, கூரை எல்லாந்தான்னு வெச்சிக்குங்களேன்."

"குடியிருக்கிறவங்கள காலி பண்ணச் சொல்லிட்டா?"

"இல்ல மாமா. அவுங்க உள்ள இருக்கறப்பவே மாத்தணும்."

அவர் தலையை ஆட்டி வியந்தார். இன்னும் கேட்பதற்கு அவரிடம் நிறைய இருந்தது. அது தெரிந்துதான் இளவரசி சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"நடுவுல நிறுத்தக் கூடாது மாமா. நிறுத்துனா எல்லாம் போயிடும். நான் கதவத் தொறக்கிற வரைக்கும் யாரும் கூப்புடாம பாத்துக்கிறீங்களா?"

"நான் பாத்துக்கிறேம்மா, நீ பண்ணு" என்றவர், பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்து வாசற்படி ஓரமாய்ப் போட்டுக்கொண்டு காவலுக்கு உட்கார்ந்தார்.

அவள் சொன்னதில் பாதிதான் நிஜம். ஆரம்பிப்பதற்கு முன்பே கன்டெய்னர் முழுவதையும் அப்படியே ஒரு நகல் எடுத்து வைத்திருந்தாள். எது கெட்டாலும் அழித்துவிட்டுப் பழையதைக் கொண்டுவந்து நிறுத்திவிடலாம். வேலையும் மும்பையில்தான் நடக்கிறது. இவள் எழுந்து போனாலும் அது பாட்டுக்கு ஓடும்; கேள்வி ஏதும் வந்தால் பதிலுக்குக் காத்திருக்கும். இரண்டு பள்ளிக்கூடம், ஒரு துணிக்கடை, ஒரு கல்யாண மண்டபம். அந்தத் தடுப்புக்குள் குடியிருந்த இணையதளங்கள் இவ்வளவுதான்.

புதுசெல்லாம் இறங்கி, பழைய அமைப்பை வைத்துக்கொள்வதா மாற்றுவதா என்று அது கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி, கடைசியில் கன்டெய்னரை அணைத்து மறுபடி எழுப்பினாள். எழுந்தது. ஆனால் வெளியுலகத்தோடு தொடர்பு வரவில்லை. இளவரசிக்கு வியர்த்துவிட்டது. நகலுக்குத் திரும்பிவிடலாமா என்று ஒரு தரம் நினைத்தாள். வீம்பு விடவில்லை. தேடித் தேடிப் பார்த்ததில், நெட்வொர்க் அமைப்பின் பெயர் புது ஓஎஸ்ஸில் மாறிப்போயிருந்தது தெரிந்தது. திருத்தினாள். பள்ளிக்கூடத்தின் இணையப் பக்கம் திரையில் விரிந்தது.

"வந்துடுச்சி!" என்று கத்திக் கைதட்டினாள். அவர் காதில் விழட்டும் என்றுதான் அவ்வளவு பலமாய்க் கத்தினாள்.

கதவைத் திறந்து, "முடிஞ்சிடுச்சி மாமா" என்றாள். சொன்ன பிறகுதான் பார்த்தாள். தலை சுவரில் சாய்ந்திருந்தது. தோள் துண்டு சுருண்டு, நெஞ்சோடு சேர்ந்த கைப்பிடிக்குள் இருந்தது.

மறுநாள் காலை வாசலில் பந்தல் போட்டுப் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். தலைமாட்டில் பெண்களோடு இளவரசி உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுத் தனக்கொடி மூக்கைச் சிந்திவிட்டு எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள்.

"நேத்து மாட்டுக்குத் தண்ணி காட்ட வந்தேன். நெஞ்சத் தேய்ச்சிக்கினு குந்தியிருந்தாரு. இன்னா மாமா பண்ணுது, இளவரசிய கூப்புடட்டான்னேன். வாயில வெரல வெச்சி, சத்தம் போடாதடின்னாரு. உள்ள பெரிய வேல நடக்குது, நடுவுல நிறுத்துனா எல்லாம் பூடும்னாரு. வாயுதான், தானா சரியாயிடும்னாரு. நானும் பூட்டேன். பாவி, பூட்டேனே…"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். தையலம்மாள் அவள் கையைப் பிடித்து நிறுத்தி, "கடேசி மூச்சு வரைக்கும் மருமவ வேல மேலதான் கண்ணு" என்று பெருமையும் அழுகையுமாய்ச் சொன்னாள். நாலைந்து பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருத்தி இளவரசியின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அந்தக் கையை உதறிவிட வேண்டும்போல இருந்தது அவளுக்கு.

மாலையோடு உள்ளே வந்த அரிகரன் அதைக் கேட்டபடி நின்றிருந்தான். அருகில் வந்து குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி கேட்டான்.

"அது நிறுத்த முடியாத வேலதான, இளவரசி?"

அவன் கண்கள் வீங்கியிருந்தன. கேள்வியை ஒரே ஒரு பதிலுக்காகத்தான் கேட்டான் என்பது அவன் முகத்தில் தெரிந்தது. உண்மை இளவரசியின் வாய் வரை வந்தது. மேளம் தொடங்கியது. அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"ம்" என்று மூச்சு விட்டுவிட்டு, அப்பாவின் கழுத்தில் மாலையைப் போட்டான் அவன்.

எடுத்துக்கொண்டு போன பிறகு பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். குளித்த ஈரத்தலையோடு இளவரசி கூடத்துத் தூணருகே உட்கார்ந்தாள். வேலை அருமையாக முடிந்தது, பாராட்டுகள் என்று மேலாளரிடமிருந்து முந்தின நாளே வந்த குறுஞ்செய்தியை அப்போதுதான் பார்த்தாள். ஒரு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, போனைத் தரையில் கவிழ்த்து வைத்தாள்.

கரண்ட் போயிற்று. விசிறி சுற்றி ஓய்ந்தது. சாத்திய அறைக்குள்ளிருந்து கம்ப்யூட்டரின் யூபிஎஸ் பேட்டரி விட்டு விட்டுக் கத்தத் தொடங்கியது.

"உள்ள இன்னாவோ கத்துதே" என்றாள் தையலம்மாள். "போய் நிறுத்திட்டு வாயேன்டி."

"கத்தட்டும் அத்த" என்றாள் இளவரசி.

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கழுவிய தரை மேட்டுப் பக்கத்திலிருந்து மெல்லக் காய்ந்துகொண்டு வந்தது. சத்தம் இடைவெளி குறைந்து, ஒரே நீளமாகி, பின் நின்றது.