சின்னுசாமிக்கு மரியாதை வந்த காலை

108 ஆம்புலன்ஸ் வண்டியில் மருத்துவ உதவியாளராக வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அக்சிலியா கேட்காத நோய்க்குறி இல்லை. நெஞ்சுவலி என்பார்கள், போய்ப் பார்த்தால் வாய்வு. வாய்வு என்பார்கள், போய்ப் பார்த்தால் மாரடைப்பு. ஆனால் ராசிபுரத்துக்குத் தெற்கே இருந்த ஒரு கோழிப்பண்ணையிலிருந்து அன்று காலை வந்ததைப் போல ஒன்றை அவள் தன் சர்வீஸில் கேட்டதில்லை.

வண்டி கிளம்பியதும் வழக்கம்போல, கூப்பிட்டவருக்கு போன் போட்டு என்ன ஏது என்று விசாரித்தாள்.

"அம்மணி, எங்க ஊட்டுக்காரரு என்கிட்ட மரியாதையாப் பேசறாருங்க. சீக்கிரம் வாங்க சாமி!" என்று ஓவென்று அழுதது ஒரு பெண் குரல். அது பண்ணைக்காரர் சின்னுசாமியின் மனைவி சென்னியம்மாள்.

வண்டி ஓட்டிக்கொண்டே ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த பைலட் காளிதாஸுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எம்பொண்டாட்டி என்கிட்ட மரியாதையாப் பேசினா நானும் 108-க்குத்தான் அடிப்பேன் சிஸ்டர்," என்றான்.

அக்சிலியா சிரிக்கவில்லை. "அவருக்கு வேர்க்குதாம்மா?"

"சட்டையப் புழிஞ்சா ஒரு சொம்புத் தண்ணி வருமுங்க."

"சுகர் இருக்கா?"

"இருக்குதுங்க. காலையில ஊசி போட்டாருங்க."

"அப்புறம் சாப்பிட்டாரா?"

மறுமுனையில் அழுகை கூடியது. பிறகு விக்கி விக்கி விஷயம் வெளியே வந்தது. அடுத்த தோட்டத்துக் கந்தம்மாளிடம் நாட்டுக்கோழி முட்டை வாங்கி, ஆசையாகப் பொரித்து இட்லியோடு வைத்திருக்கிறாள் சென்னியம்மாள். சின்னுசாமி தட்டைப் பார்த்தார். நாற்பதாயிரம் கோழி வைத்திருக்கிறவன் வீட்டில் விலைக்கு வாங்கின முட்டையா என்று அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. இன்சுலின் உடம்புக்குள் போயாயிற்று, இட்லி போகவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கோழிக் கொட்டகைக்குப் போனவர்தான்.

"சோறு கொண்டுக்கிட்டுப் போனா, 'ஏனுங்க, நீங்க யாருங்க, எந்த ஊருங்க, உக்காருங்க'ங்கறாரு. கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து என்னைய ஒருக்கா உக்காருன்னு சொன்னதில்லீங்க!"

காளிதாஸின் சிரிப்பு நின்றது. சர்க்கரை தாழ்ந்துவிட்டது என்பது அக்சிலியாவுக்கு இப்போது தெளிவு. இன்னும் தாழ்ந்தால் வலிப்பு வரும், நினைவு போகும், அதற்கு மேல் போனால் ஆளே திரும்பமாட்டார். "மிதிங்கண்ணா," என்றாள்.

மிதித்துக்கொண்டு போய் என்ன பயன்? பண்ணை வாசலில் சென்னியம்மாள் முதுகில் ஸ்பிரேயர் மாட்டிக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் ஒருபக்கம் ஓட, கை இன்னொருபக்கம் கோழிக்கு நோய் தொற்றாதிருக்க வண்டிச் சக்கரத்துக்கெல்லாம் மருந்தடித்தது. அடுத்து காளிதாஸின் செருப்பு. அடுத்து அக்சிலியாவின் பேன்ட், முழங்கால் வரைக்கும்.

"அம்மா, அவரு உசிரு..."

"தெரியுமுங்க கண்ணு. ஆனா வெளியாள மருந்தடிக்காம உள்ள உட்டேன்னு தெரிஞ்சா, அவருக்கு நெனப்பு வந்ததும் என்னையக் கொன்னுபோடுவாருங்க." நினைப்பு வரும் என்று அவள் அவ்வளவு உறுதியாக நம்பினாள். அக்சிலியா இன்னொரு காலையும் நீட்டினாள்.

கொட்டகைக்குள் சின்னுசாமி கூண்டு வரிசைகளுக்கு நடுவே தள்ளாடி நடந்துகொண்டிருந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது, கை நடுங்கியது, முகத்தில் மட்டும் கல்யாண வீட்டு வாசலில் நிற்பவரின் சிரிப்பு. "வாங்க வாங்க! மருந்துக் கம்பெனிங்களா? மோர் குடிக்கறீங்களா?" என்றார்.

"விரலைக் காட்டுங்கய்யா, ஒரு சின்னக் குத்து."

"தாராளமாக் குத்துங்க. நம்ம விரலுதானுங்க." மீட்டர் நாற்பத்தொன்று காட்டியது; எழுபதுக்குக் கீழே போகவே கூடாது.

நரம்பில் குளுக்கோஸ் ஏற்றலாம் என்று அக்சிலியா பெட்டியைத் திறந்தாள். ஊசியைக் கண்டதும் சின்னுசாமி கும்பிடு போட்டார். "இந்த மாசம் ஊசி மருந்து வேணாமுங்க, ஸ்டாக் இருக்குதுங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்கு நழுவினார். இவர்கள் அங்கே போனால் அவர் இங்கே வந்தார். காளிதாஸ் பிடிக்கப் போய்த் தீவனத் தொட்டியில் இடறி விழுந்தான். கொட்டகைக் கோழிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் கத்தின.

ஆள் இன்னும் பேசுகிறார், விழுங்குவார். அப்படியானால் வாய்வழி கொடுக்கலாம். அக்சிலியா குளுக்கோஸ் பொடியை ஒரு மக்குத் தண்ணீரில் கரைத்து நீட்டினாள். "ஐயா, இதைக் குடிங்க."

"மன்னிக்கோணுமுங்க. புது மருந்து தெரியாம வாங்கறதில்லீங்க."

சென்னியம்மாள் அக்சிலியாவின் காதருகே வந்தாள். "அம்மணி, கோழித் தண்ணியில கலக்கற மருந்து எதுன்னாலும் மொதல்ல அவரு வாயில ஊத்தி ருசி பாப்பாருங்க. கோழி கசப்புக் கண்டாத் தண்ணி குடிக்காதுன்னு. ஊரே கேலி பண்ணுமுங்க, கேக்கமாட்டாரு."

அக்சிலியாவுக்கு அது போதும். தொண்டையைச் செருமிக்கொண்டு முழுக் கம்பெனிக்காரி ஆனாள். "ஐயா, கோழிக்குத் தண்ணியில கலக்கற புது டானிக். நீங்க ருசி பாத்துச் சொன்னாத்தான் மத்த பண்ணைக்கே குடுக்கச் சொல்லியிருக்காங்க."

சின்னுசாமி நின்றார். நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. மக்கை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு யோசித்தார். "இனிப்புத் தூக்கலுங்க."

"அடியில எப்படியிருக்குங்கய்யா? நல்லாக் கலங்கியிருக்கா?"

"அதையும் பாத்துப்போடலாமுங்க." மக்கு காலியானது. இரண்டாவது மக்கு 'வேற பேட்ச்' என்ற பெயரில் உள்ளே போனது.

பிறகு மூன்று பேரும் அவரை ஒரு தீவன மூட்டைமேல் உட்காரவைத்து, முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் சென்னியம்மாளுக்கு உட்கார இடம் விட்டார், அவள் ஊரில் மழை எப்படி என்று விசாரித்தார். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு பதில் சொன்னாள். அக்சிலியா மாதாவை வேண்டிக்கொண்டாள்.

மெல்ல வேர்வை அடங்கியது. கை நடுக்கம் நின்றது. சின்னுசாமி கண்ணைக் கசக்கிவிட்டுச் சுற்றிப் பார்த்தார். காளிதாஸ் விழுந்த இடத்தில் சிந்திக் கிடந்த தீவனத்தில் போய்ப் பார்வை நின்றது.

"ஏண்டி, அறிவு கெட்டவளே! கொட்டாயிக்குள்ள ஊர்வலமா நடத்தறே? தீவனம் என்ன சும்மாவா வருது?"

சென்னியம்மாள் அவர் காலடியிலேயே உட்கார்ந்து, "வந்துட்டாருங்க! எங்க ஊட்டுக்காரரு வந்துட்டாருங்க!" என்று சிரித்தாள், அழுதாள், மூக்கைச் சிந்தினாள். திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்ட ஒருத்தியை அக்சிலியா பார்த்ததே இல்லை.

இட்லியைத் தின்னவைத்து, ஆஸ்பத்திரியில் ஒருநாள் இருந்தே ஆகவேண்டும் என்று மிரட்டி, வண்டியில் ஏற்றினார்கள். வழியில் நடந்ததையெல்லாம் அக்சிலியா சொல்லச் சொல்ல, முறைத்துக்கொண்டிருந்தவர் முகம் சுருங்கியது.

"இவளையவா? யாருன்னா கேட்டேன்?"

"ஆமாங்கய்யா."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியின் பக்கம் திரும்பி, சின்னக் குரலில் கேட்டார். "நீங்க ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?"

"ஐயோ அம்மணி!" சென்னியம்மாள் அலறினாள். "மறுபடியும் வந்துருச்சுங்க! குத்துங்க, குத்திப் பாருங்க!"

காளிதாஸ் வண்டியை ஓரங்கட்டினான். அக்சிலியா பதறிப்போய் விரலில் குத்தினாள். மீட்டர் நூற்று முப்பத்தெட்டு காட்டியது.

"சுகர் நல்லாத்தான் இருக்கும்மா," என்றாள்.

"அப்பறம் ஏனுங்க இப்படிப் பேசறாரு?"

சின்னுசாமி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காது மட்டும் சிவந்திருந்தது. சென்னியம்மாள் மீட்டரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி மீட்டரைப் பார்த்தாள். பிறகு சேலையைச் சரிசெய்துகொண்டு, யாரையும் பார்க்காமல், "இல்லீங்க, நான் இன்னும் சாப்பிடலீங்க," என்றாள்.