புத்தகம் திறக்காமல் சொன்னது

கஞ்சிக் கரண்டியை ஈசாக்கு உபதேசியார் கையால் தள்ளிவிட்டார். பாதிக் கஞ்சி தங்கை பாப்பம்மாவின் சேலையில் கொட்டியது. அது கிடக்கட்டும், புத்தகத்தை எடு என்றார். நாலு நாளாக நெஞ்சில் சளி கட்டிப் பேச்சே வராமல் கிடந்த மனிதருக்கு இந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று அவள் திகைத்துப் போனாள்.

கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவுக்கு மேலே இருந்த அந்தக் கோப்பித் தோட்டத்தில் அவரைத் தெரியாதவர் இல்லை. புருஷன் பெண்டாட்டி சண்டையா, ஞாயிற்றுக்கிழமை துரை வேலைக்குக் கூப்பிட்டால் போகலாமா, கோயிலுக்குப் போகிற அண்ணன் வீட்டுக் கல்யாணத்தில் கை நனைக்கலாமா, எதைக் கேட்டாலும் வாயால் பதில் சொல்ல மாட்டார். வேதப்புத்தகத்தைத் திறந்து, இடம் தேடி, கேட்டவரின் விரலைப் பிடித்து அந்த வரியில் வைத்த பிறகுதான் வாசிப்பார். எழுத்துத் தெரியாதவர்களுக்கும் அதே சட்டம். "என் வாய நம்பாத, இதத் தொட்டுக்க" என்பார். இடம் கிடைக்காவிட்டால் தனக்குத் தெரியாது என்று அனுப்பிவிடுவார். இரண்டு மைல் மலையேறி வந்தவர் வெறுங்கையோடு இறங்குவார். அதைப் பற்றியெல்லாம் அவருக்குக் கவலை கிடையாது.

பாப்பம்மா புத்தகத்தை எடுத்து அவர் மார்பின் மேல் வைத்தாள். ஏடுகளைத் தள்ளிக்கொண்டே போனவர், ஓரிடத்தில் நின்றார். அவளுடைய சுட்டுவிரலைப் பிடித்து ஒரு வரியில் அழுத்தினார். அது பவுல் எழுதிய நிருபம். புருஷன் இறந்துபோனால் பெண்சாதி விடுதலையானவள், விசுவாசத்துக்குள் இருக்கிற எவனையும் தன் இஷ்டப்படி அவள் கட்டிக்கொள்ளலாம் என்று அதில் இருப்பதை மூச்சு வாங்க வாங்க வாசித்துச் சொன்னார்.

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. கடலைத் தாண்டி மலைக்கு நடந்து வந்த வழியில் மாத்தளைக்கு அருகே அவள் புருஷன் வாந்திபேதியில் போனான். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. அதற்கு மூன்று வருஷம் கழித்து, கோப்பி மூட்டைகளை மாட்டுவண்டியில் கண்டிக்கு ஏற்றிப் போகும் கரத்தைக்காரர் செல்லச்சாமி அவளைக் கேட்டு வந்தார். ஞானஸ்நானம் பெற்றவர், குடிக்காதவர். அவளுக்கும் விருப்பம்தான். அன்றைக்கு அண்ணன் வாசலில் நின்றபடியே, விதவை மறுபடி கட்டுவதற்கு வேதத்தில் இடமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். புத்தகம் பெட்டிமேல் மூடியபடி இருந்தது. அதைப் பாப்பம்மா கவனித்தாள். திறக்கத் தேவையில்லாத அளவுக்கு அண்ணனுக்கு அது மனப்பாடம் என்று நினைத்துக்கொண்டாள். பதினேழு வருஷம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கும் இந்த வரி இங்கதான் இருந்துச்சு. எனக்குத் தெரியும்" என்றார் உபதேசியார். "நான் சாதியப் பாத்தேன். அதச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. வேதத்து மேல பழியப் போட்டுட்டேன்."

கஞ்சிக் கிண்ணத்தைத் தூக்கிச் சுவரில் அடிக்க வேண்டும்போல இருந்தது அவளுக்கு. செல்லச்சாமி வேறு கல்யாணம் செய்து பிள்ளைகளும் வளர்ந்தாயிற்று. இனி இதைச் சொல்லி யாருக்கு என்ன? அவள் அழவில்லை. கோபத்தில் காதெல்லாம் சுட்டது.

அவர் இன்னும் முடிக்கவில்லை. சபைக்குப் பெரியவன் தப்புச் செய்தால் எல்லாருக்கும் முன்னால் அதைச் சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்கிறது. பொன்னையா கங்காணியை அதே வரியைக் காட்டித்தான் சபை நடுவே நிற்க வைத்தோம். எனக்கு எழுந்து நிற்க முடியாது, என்னைப் புதைக்கும்போது நீ சொல்லிவிடு என்று கேட்டார்.

"நான் பொம்பளண்ணே. சபைக்கு நடுவுல பேசலாமா?"

ஆம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். சாகிற மனிதர், வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

"பாத்துச் சொல்றேன்" என்றார் உபதேசியார்.

மறுபடியும் ஏடுகளைத் திருப்பத் தொடங்கினார். ஒன்று, அப்புறம் ஒன்று. கண் சரியாகத் தெரியாமல் புத்தகத்தை முகத்துக்குக் கிட்டத்தில் இழுத்தார். அவர் நெஞ்சுக்குள் கரகரவென்று சத்தம் கேட்டது. பாப்பம்மா மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்திருந்தாள். கோபம் எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு முறை பொய் சொன்ன வாய், போகும்போது ஒரு சொல்லையும் சும்மா சொல்ல மாட்டேன் என்கிறதே என்று உடம்பெல்லாம் சிலிர்த்தது. வெயில் சன்னலை விட்டு இறங்கியபோது ஏடு திரும்புவது நின்றிருந்தது. அவர் விரல் மட்டும் பக்கத்தின் மேல் இருந்தது.

சபை மூப்பர் வீரய்யா வந்ததும், அந்தப் பக்கத்தை வாசிக்கச் சொன்னாள். வனாந்தரத்தில் போட்ட கூடாரத்துக்குத் திரைச்சீலை எத்தனை முழம் என்கிற கணக்கு அது. அவளுக்குப் பதில் அதில் இல்லை.

விஷயத்தைக் கேட்ட வீரய்யா தலையில் கை வைத்துக்கொண்டார். இருபத்தெட்டுக் குடும்பம் உபதேசியார் காட்டிய வரியை நம்பிப் பிழைக்கிறது. ஒன்று பொய் என்றால் எல்லாம் பொய் என்று போய்விடுவார்கள். செத்தவர் பெயரைக் காப்பாற்று, தாயே என்று கெஞ்சினார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அண்ணன் உழைப்பெல்லாம் தன் நாக்கில் இருக்கிறதென்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் மூன்று மணிக்குக் கல்லறைக்குக் கொண்டுபோனார்கள். கோப்பி பூத்திருந்த நாள். மலைச்சரிவு முழுக்க வெள்ளையாக, மூச்சு முட்டும் வாசனை. பெட்டியைச் சொந்தக்காரர்கள் நாலு பேர்தான் தூக்கினார்கள். சபையென்றாலும் சாதி விஷயத்தில் யாரும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. செல்லச்சாமி கீழே ரோட்டில், மாடுகளை அவிழ்க்காமல், தலைப்பாகையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

கண்டியிலிருந்து வந்த வெள்ளைக்காரப் பாதிரியார் ஜெபம் பண்ணினார். தனக்குத் தெரிந்த தமிழில், இவர் ஒருநாளும் வேதத்தை விட்டு விலகாதவர் என்றார். வீரய்யா தரையைப் பார்த்தார்.

பாப்பம்மா குழியோரத்துக்கு வந்தாள்.

"எங்கண்ணன் ஒரு தரம் விலகினாரு" என்றாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். யார் கேட்டு வந்தது, அண்ணன் என்ன சொன்னார், ஏன் சொன்னார், நேற்று எந்த வரியில் தன் விரலை வைத்தார், எதைத் தேடித் தேடி உயிரை விட்டார் என்பது வரைக்கும். குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் சரிவில் காற்று இல்லாததால் ரோடு வரைக்கும் கேட்டது. கூட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஒருமுறை அவரிடம் வரி கேட்டு வந்திருந்த வேலாயி மட்டும் தன் வலதுகைச் சுட்டுவிரலை விரித்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். இப்போது எல்லாரும் கலைந்து போய்விடுவார்கள் என்று பாப்பம்மா நினைத்தாள். போனால் அது என் பழி என்றும் நினைத்தாள்.

ஒருவரும் போகவில்லை. மண்வெட்டி பிடித்திருந்தவனும் மண் தள்ள மறந்து நின்றான்.

கீழேயிருந்து செல்லச்சாமி ஏறி வந்தார். அறுபதை நெருங்கும் உடம்பு, செங்குத்துப் பாதையில் நின்று நின்றுதான் வந்தார். கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. பெட்டியைத் தூக்கிய நாலு பேரும் ஒதுங்கினார்கள். அவர் மண்வெட்டியை வாங்கிக்கொண்டு குழியை மூடத் தொடங்கினார். யாரும் கைமாற்ற வரவில்லை, அவரும் யாரையும் கூப்பிடவில்லை. கடைசி மண் வரைக்கும் தானே போட்டு, மண்வெட்டியின் பின்பக்கத்தால் தட்டிச் சமமாக்கினார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"காட்டுப் பண்டி வந்து தோண்டும்" என்றார், யாரையும் பார்க்காமல். "மேல கல்லு வைக்கணும். பாப்பம்மா, அதுல ஒண்ண எடு."

அவர் அவள் பெயரைச் சொல்லி அதுவரை அவள் கேட்டதில்லை. வேலியோரம் கிடந்த கல்லொன்றை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தாள். அவர் வாங்கித் தலைமாட்டில் வைத்து, அசைகிறதா என்று அமுக்கிப் பார்த்தார்.

"இன்னொண்ணு" என்றார்.

அவள் போய் எடுத்து வந்தாள்.