பாவ்லாவின் வெள்ளிக்கிழமைச் சீட்டு

மிராடியே உள்ளே நுழைந்ததும் கடையில் பேச்சு நின்றுவிடும். ஆறு வாரமாக இப்படித்தான். அவள் கேட்டதைக் கடைக்காரி ஸ்டென்கா எடுத்துத் தருவாள், காசை வாங்கிப் போடுவாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள்.

ஸ்லோவேனியாவில் சாவா ஆற்றங்கரையிலிருந்த அந்த ஊருக்கு அது ஒன்றுதான் கடை. மிராடியேவின் புருஷன் நஸ்மி ஆஸ்திரியாவில் கட்டட வேலை செய்தான், ஞாயிற்றுக்கிழமைதான் வருவான். கொசோவோவிலிருந்து வந்தவளுக்கு ஸ்லோவேனிய மொழி காதில் விழும் இடம் இந்தக் கடைதான். இங்கேயும் யாரும் பேசாவிட்டால் வாரம் முழுக்க ஒரு மனிதக் குரல் இல்லை.

அவள் மொழி கற்ற விதம் தனி. குடிவந்த வீட்டின் சமையலறை இழுப்பறையில் ஒரு நோட்டு கிடந்தது. முன்பு குடியிருந்த பாவ்லா என்பவள் வசந்த காலத்தில் இறந்துபோனாள் என்று நஸ்மி சொல்லியிருந்தான். நோட்டில் வெள்ளிக்கிழமைக்கு ஒரு பக்கம், மேலே போன வருஷத்துத் தேதி, பக்கத்துக்கு ஏழெட்டு வரி. வாங்க வேண்டிய சாமான்கள். அவளுடைய அல்பேனிய மொழிக்கும் இதற்கும் எழுத்து ஏறக்குறைய ஒன்றுதான், கூட்டி வாசித்துவிடலாம். அர்த்தம்தான் தெரியாது.

ஒருநாள் நோட்டோடு கடைவாசலில் நின்றபோது அதுவும் பிடிபட்டது. பாவ்லா மனம்போன வரிசையில் எழுதவில்லை, கால் போகும் வரிசையில் எழுதியிருக்கிறாள். நுழைந்ததும் ரொட்டித் தட்டு, ஆகவே முதல் வரி ரொட்டி. அடுத்து கண்ணாடிப் பெட்டி, இரண்டாம் வரி இறைச்சி. பிறகு பால், கடைசியில் மாவு. சீட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தால் அலமாரிகளே அர்த்தம் சொல்லின. எடைக்கு இங்கே டெகா, ஒரு டெகாவுக்குப் பத்து கிராம். மூன்று வெள்ளிக்கிழமைகளில் முப்பத்தொரு சொல் சேர்ந்துவிட்டது.

“இருபது டெகா பன்றித்தொடை. மெல்லிசா,” என்று ஒப்பிப்பாள்.

ஸ்டென்காவின் கை வெட்டும் இயந்திரத்தின் மேல் ஒரு கணம் நிற்கும். பிறகு சீவுவாள்.

மூலையில் பீர் குடித்துக்கொண்டிருக்கும் கிழவர் லொய்ஸே ஒருமுறை சொன்னார்: “தலையில முக்காடு, கையில பன்றிக்கறி. எந்தச் சாமிக்குப் படைக்குதோ!”

“நீங்க வாயை மூடிக்கிட்டு பீரைக் குடிங்க,” என்றாள் ஸ்டென்கா.

மிராடியேவுக்கு பீர் மட்டும் புரிந்தது. பன்றிக்கறி அவள் தொடுவதில்லை. ஆனால் சீட்டில் இருந்தது. ஒரு வரியை விட்டால் எங்கேயாவது தப்பாகிவிடுமோ என்று பயம். வாங்கிப்போய்ப் பின்ஜன்னலில் வைப்பாள். ஒவ்வொரு வெள்ளியும் ஒரு சாம்பல் பூனை, சொல்லிவைத்ததுபோல் வந்து தின்றுவிட்டுப் போகும்.

கடையில் மௌனம் கூடக்கூட, தன் உச்சரிப்பில்தான் கோளாறு என்று நினைத்தாள். சீட்டை இன்னும் அச்சு அசலாக ஒப்பித்தாள். பாவ்லா நின்ற இடத்தில் நின்று, பாவ்லா கேட்ட அளவைக் கேட்டாள்.

அக்டோபர் கடைசிப் பக்கத்தில் புதிதாக ஒரு வரி: நான்கு மெழுகுவத்தி. கடைவாசலில் சிவப்பு பிளாஸ்டிக் கூட்டில், மூடி போட்டு, கோபுரமாக அடுக்கியிருந்தார்கள். எல்லாரும் கைநிறைய வாங்கினார்கள். அந்த வரியையொட்டி இன்னும் நான்கு சொற்கள் இருந்தன. அவற்றுக்கு எந்த அலமாரியும் கிடைக்கவில்லை. மெழுகுவத்தியின் ரகமாக்கும் என்று விட்டுவிட்டாள்.

அன்று பொழுது சாய்ந்து பனிமூட்டம் இறங்கியதும் நான்கையும் தெருப்பக்க ஜன்னலில் வரிசையாக ஏற்றிவைத்தாள். அழகாகத்தான் இருந்தது. கண்ணாடி முழுக்கச் சிவப்பு.

சற்று நேரத்தில் கதவு தட்டப்பட்டது. ஸ்டென்கா. கடை மேலங்கியோடு தெருவைத் தாண்டி ஓடிவந்திருந்தாள். பின்னால் லொய்ஸே, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு.

“யாரு நீங்க? என்ன வேணும் உங்களுக்கு? வணக்கம்கூட சொல்லாம வர்றீங்க. பாவ்லா நிக்கிற இடத்துல நிக்கிறீங்க, பாவ்லா கேக்கிறதையே கேக்கிறீங்க. கல்லறைத் திருநாளுக்குச் சமாதியில வைக்கிற விளக்கை இப்போ அவ ஜன்னல்ல வச்சிருக்கீங்க!”

பாவ்லா என்ற பெயர் மிராடியேவுக்குப் புரிந்தது. உள்ளே போய் நோட்டை எடுத்துவந்து நீட்டினாள்.

ஸ்டென்கா பக்கங்களைப் புரட்டினாள். சிநேகிதியின் கையெழுத்து. எந்தப் பக்கத்திலும் ‘வணக்கம்’ இல்லை, ‘தயவுசெய்து’ இல்லை, ‘நன்றி’ இல்லை. சாமான் சீட்டில் அதையெல்லாம் யார் எழுதுவார்கள்?

“இதைப் பாத்தா கத்துக்கிட்டீங்க?” என்றாள். குரல் தணிந்துவிட்டது.

லொய்ஸே மூச்சு விட்டார். “நான் செத்தவதான் திரும்பி வந்துட்டாளோன்னு நினைச்சேன். ஒரு வாரமா பீரே இறங்கல.”

ஸ்டென்கா அக்டோபர் கடைசிப் பக்கத்தில் நின்றாள். நான்கு சொற்களையும் விரல் வைத்து வாசித்தாள். டோனே. அம்மா. அப்பா. பாப்பா.

“டோனே அவ புருஷன்,” என்றாள் லொய்ஸேயிடம். “பாப்பா யாரு? அவளுக்குத்தான் குழந்தையே இல்லையே?”

லொய்ஸே தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஒண்ணு பொறந்துச்சு. ஞானஸ்நானத்துக்கு முன்னாடியே போயிடுச்சு. அந்தக் காலத்துல அதுங்களைக் கல்லறைத்தோட்டத்துக்குள்ள புதைக்க விடமாட்டாங்க.”

“வருஷா வருஷம் நான்தான் நாலு வித்தேன். கல்லறையில மூணுதான் எரியும். ஏன்னு ஒருதரம்கூட கேக்கல,” என்றாள் ஸ்டென்கா.

விளக்குகளை அணைக்காமலே மூவரும் மேட்டிலிருந்த கல்லறைத்தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். மூன்றை வைக்கப் பாவ்லா குடும்பத்துக் கல் இருந்தது. நாலாவதை ஏந்திக்கொண்டு கல்லறைத்தோட்டத்து வடக்குச் சுவரின் வெளிப்பக்கமாக நடந்தார்கள். வெறும் புல். ஓரிடத்தில் மட்டும் பழைய மெழுகு கெட்டிப்பட்டுக் கிடந்தது. பல வருஷத்து மெழுகு, ஒன்றன்மேல் ஒன்றாக. மிராடியே அதன்மேல் விளக்கை வைத்தாள்.

இறங்கும்போது ஸ்டென்கா பேசிக்கொண்டே வந்தாள், யாரோ அணையைத் திறந்துவிட்டதுபோல். பத்தில் ஒன்றுகூட மிராடியேவுக்குப் புரியவில்லை. ஒரு சொல்லையும் தவறவிடாமல் கேட்டாள்.

வீட்டு வாசலில் ஸ்டென்கா நோட்டை வாங்கித் தன் அங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். “நாளைக்கு இது வேண்டாம். உங்களுக்கு என்ன வேணும்?” சொல்லிவிட்டு மிராடியேவின் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். “உங்களுக்கு.”

கேள்வி புரிந்தது. ரொட்டி, பால், மாவு என்று நாக்கின் நுனியில் வந்ததெல்லாம் இன்னொருத்தியின் சமையல். ஆறு வாரமாகத் தனக்கு எது பிடிக்கும் என்று அவள் நினைத்தே பார்க்கவில்லை. சொந்த மொழியில்கூட அது உடனே வரவில்லை. மேட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பனியில், சுவருக்கு வெளியே, ஒரே ஒரு சிவப்புப் புள்ளி தனியாகத் தெரிந்தது.

கடைசியில் அல்பேனிய மொழியிலேயே மிளகாயின் பெயரைச் சொன்னாள்.

“அது என்னன்னு எனக்குத் தெரியாது,” என்றாள் ஸ்டென்கா. “காலையில வந்து கையால காட்டுங்க.”