நாலு டிகிரி

ஃப்ரிட்ஜைத் திறந்தாள். உள்ளே விளக்கு எரியவில்லை.

கையை விட்டுப் பார்த்தாள். கொஞ்சம் குளிர்ச்சி இன்னும் மிச்சமிருந்தது. பால் பாத்திரத்துக்குப் பின்னால் அந்தச் சின்ன அட்டைப்பெட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வயரைத் தேடினாள். அது சுவரோரம் சுருண்டு கிடந்தது. பிளக்கில் இப்போது வேறு வயர் இருந்தது. அது கூடத்தில் இருந்த குளிர்பெட்டிக்குப் போயிற்று. குளிர்பெட்டிக்குள் அவளுடைய மாமியார் படுத்திருந்தார்.

"பெரிய பிளக் வீட்டுல ஒண்ணுதாம்மா இருக்கு," என்றார் பெட்டி கொண்டுவந்தவர். "நாளைக்குக் காலையில அவங்க மகள் வர்ற வரைக்கும் ஓடணும்ல. உங்க வீட்டுக்காரர்தான் கழட்டிக் குடுத்தார்."

கணவன் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். அவள் கையிலிருந்ததைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"அடடா. மறந்தே போயிட்டேன்," என்றான்.

அந்த முகத்தைப் பார்த்த பிறகு திட்ட வாய் வரவில்லை. அம்மா செத்த அன்றைக்கு எவன் ஊசியை நினைத்துக்கொண்டிருப்பான்? ஆனால் அவள் நினைத்தாள். காலையிலிருந்து அழுகைக்கு நடுவே அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அது அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட இது நேரமில்லை என்று கோபமும் வந்தது.

சாயங்காலம் ஆறரைக்கு அந்த ஊசியைப் போட்டாக வேண்டும். ஆறு மணிக்கும் கூடாது, ஏழு மணிக்கும் கூடாது. அப்போதுதான் நாளை மறுநாள் காலை ஆறரைக்குக் கருமுட்டைகளை எடுக்க முடியும். இது மூன்றாவது தடவை. இதற்கு மேல் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பத்து நாளாக ஊசி போட்டது மாமியார்தான். மாட்டாஸ்பத்திரியில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவர். தெருவில் ஊசியம்மா என்றால்தான் தெரியும். மகன் நேர்மாறு. லிஃப்ட் மெக்கானிக், இருபதாவது மாடிக் குழியில் தொங்கிக்கொண்டு வேலை செய்வான், ஊசியைக் கண்டால் முகம் வெளுத்துவிடும்.

"மாட்டுக்கே போட்டவ உனக்குப் போட மாட்டேனா? மாடு உதைக்கும். நீ உதைக்காம இருந்தாச் சரி," என்பார் மாமியார். போட்டு முடித்ததும் முதுகில் இரண்டு தட்டு. "ஆச்சு, போ." மாடுகளோடு பழகி வந்த பழக்கம். மகனுக்கும் சின்ன வயதில் அதே தட்டுதானாம்.

அவனுடைய உயிரணு உதவாது, முகம் தெரியாத யாரோ கொடுத்ததைத்தான் சேர்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்று மூன்று பேரும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். மாமியார்தான் முதலில் எழுந்து தட்டுகளை எடுத்து வைத்தார்.

"ஆயிரம் கன்னுக்குட்டி பொறக்கறதைப் பக்கத்துல நின்னு பார்த்திருக்கேன். ஒரு பசுகூட அப்பன் யாருன்னு கேட்டுட்டு நக்கினதில்ல. சாப்பிடுங்க."

அந்த விஷயம் அதோடு முடிந்தது. நேற்று ஊசி போட்டுவிட்டு, "நாளைக்குக் கடைசி. அதையும் போட்டுட்டேன்னா என் வேலை முடிஞ்சுது," என்றார். விடிந்ததும் பல் விளக்கப் போன இடத்தில் சரிந்துவிட்டார்.

மருத்துவமனைக்கு ஃபோன் போட்டாள். நர்ஸ் பொறுமையாகச் சொன்னாள். "குளிர்ச்சி முழுசாப் போகலல்ல, பயப்படாதீங்க. உடனே ரெண்டு டிகிரியிலிருந்து எட்டு டிகிரிக்குள்ள எங்கயாவது வைங்க. உறைஞ்சு மட்டும் போகக் கூடாது."

எதிர்வீட்டு ஃப்ரிட்ஜில் வைக்கலாம். அந்த வீட்டில் ஃப்ரிட்ஜைத் திறந்தவர்கள் மூடுவதே கிடையாது. அதைவிட, இதைப் பத்து நாளும் தொட்டது ஒரே ஒரு கைதான். இன்னொருவரிடம் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

கூடத்துக்குத் திரும்பினாள். குளிர்பெட்டியின் பக்கவாட்டில் சின்னதாக ஒரு சிவப்பு எண் எரிந்துகொண்டிருந்தது. நாலு.

"இதுக்குக் கீழ இறங்குமா?" என்று கேட்டாள்.

"நாலுலயே நிக்கும்மா. நீங்க கவலைப்படாதீங்க."

"மூடியைத் திறங்க."

முகத்தைப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று நினைத்து அவர் திறந்தார். அவள் மாமியாரின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள். அட்டைப்பெட்டியைக் கைக்குட்டையில் சுற்றி, வலது உள்ளங்கைக்குக் கீழே வைத்தாள். கணவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். 

ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். மாமியாரின் தங்கை, சின்ன அத்தை, பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள். "உன் ரத்தத்துல ஒரு பேரப்பிள்ளையை மடியில வாங்காமலே போயிட்டியேக்கா." கணவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வரை அது நாலாகவே இருந்தது.

ஆறேகாலுக்கு எழுந்துபோய் மூடியைத் தூக்கினாள். கைக்குட்டையை எடுத்தபோது சின்ன அத்தை அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி அது?"

"ஊசி. குழந்தைக்காகப் போடறது. ஆறரைக்குப் போடணும்."



"சாவு வீட்டுல இன்னிக்கா? அடுத்த மாசம் பார்த்துக்கக் கூடாதா?"

"அடுத்த மாசம் கிடையாது சின்ன அத்தை." அவள் பார்சல் அலுவலகத்தில் கவுன்டர் வேலை பார்ப்பவள். நேரம் முடிந்த பிறகு வருகிறவர்களிடம் பேசும் குரல் அது. சத்தம் ஏறாது, மாறவும் மாறாது.

"பொணத்துக்கிட்ட இருந்ததையா உடம்புல ஏத்திக்கப் போற?"

"அத்தைகிட்ட இருந்தது," என்றாள்.

சின்ன அத்தை அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.  பிறகு பிடியை விட்டாள்.

"மூடியைச் சரியா மூடு. குளிர் போயிடும்."

சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஊசியை எடுத்து, வயிற்றில் இடம் பார்த்துத் துடைத்தாள். அதுவரை எல்லாம் சரியாகத்தான் போயிற்று. அதற்குப் பிறகு கை நடுங்கியது. காலையிலிருந்து நடுங்காத கை. இப்போது போய் நடுங்குகிறதே என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கடிகாரத்தில் ஆறு இருபத்தெட்டு.

கதவு திறந்தது. அவன் உள்ளே வந்து மூடினான்.

"குடு."

"உங்களால முடியாது."

"முடியாதுதான். குடு."

முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. மேலுதட்டில் வியர்வை. "தொப்புள்ல இருந்து ரெண்டு விரல் தள்ளித்தானே?" என்று கேட்டான். அவள் தலையை ஆட்டினாள். இருவரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஆறரை ஆனதும் அவன் குத்தினான். மருந்து இறங்கும் வரை மூச்சு விடவில்லை. ஊசியை உருவி, அம்மா வைத்திருந்த பழைய பால்பவுடர் டப்பாவில் போட்டு மூடினான்.

அவள் புடவையைச் சரிசெய்துகொண்டு திரும்பினாள். அவன் கை அவள் முதுகுக்கு வந்தது. இரண்டு தட்டு.

"ஆச்சு," என்றான். மிச்சத்தைச் சொல்ல வாயைத் திறந்தான். முடியவில்லை. கையை மட்டும் எடுக்காமல் அங்கேயே வைத்திருந்தான்.